கடைசி ஓவர்சைஸ்

பிஸ்டனுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. உந்துதண்டு என்பார்கள், ஆடுதண்டு என்பார்கள். ஈழத்துப் பாடநூல்களில் அது முசலம். முசலம் என்றால் உலக்கை. இம்மூன்றில் எனக்குப் பிடித்தது இந்த உலக்கைதான். மற்ற இரண்டிலும் 'தண்டு' வந்து விடுகிறது. பட்டறையில் ஒருமுறை பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அது தண்டு அல்ல, கவிழ்த்து வைத்த ஒரு அலுமினியக் குவளை என்பது தெரியும். எனினும் உலக்கை உவமையும் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. உலக்கைக்கும் உரலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று எந்த வீட்டிலும் யாரும் அளந்து பார்த்ததில்லை. பிஸ்டன் விஷயத்தில் அந்த இடைவெளிதான் எல்லாம். இக்கட்டுரையும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான். கூடவே, கையில் காசு குறைவாக இருக்கும்போது அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியதும்.

2003-ஆம் ஆண்டு கம்மாபுரத்தில் என் தாய்மாமனின் அம்பாசடர் காருக்கு இன்ஜின் வேலை வந்தது. விருத்தாசலத்தில் இருந்து கம்மாபுரம் வழியே சேத்தியாத்தோப்புக்குப் போகும் சாலையை அறிந்தவர்களுக்கு அந்த ஊரின் இருப்பு விளங்கும். ஒரு பக்கம் பீங்கான் ஊரான விருத்தாசலம். மறுபக்கம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். இடையில் செம்மண், முந்திரித் தோப்பு, கோடையில் ஓயாத புழுதி. மாமாவின் வண்டி கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கும், இரவு நேரத்தில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடிய வண்டி. அவருக்கு நிலம் கொஞ்சம்தான். வண்டி ஓடினால்தான் வீடு ஓடும். அது நீலப்புகை கக்கத் தொடங்கி, 200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தபோது, அத்தை தன் வளையல் இரண்டைக் கழற்றிக் கொடுத்தார். அடகில் கிடைத்தது ஒன்பதாயிரம் ரூபாய். அதற்குள் இன்ஜின் மறுபடி பிறக்க வேண்டும்.

ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது அம்பாசடர் என்பதும், 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து 2014-இல் அங்கேயே உற்பத்தி நின்றது என்பதும் பலரும் அறிந்தவை. மாமாவுடையது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டமும் தொழிற்சாலையில் இருந்து வரும்போது 73.025 மி.மீ. இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம், அது உண்மையில் இரண்டே முக்கால் அங்குலமும் அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கும் என்பதுதான். அளவுகள் எல்லாம் அங்குலத்தில் பிறந்தவை. ஆகவே பட்டறை மொழியும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கான 'தௌ'விலேயே நடக்கிறது. சிலிண்டர் சுவர் தேய்ந்துபோனால் அதைச் சற்றே அகலமாகக் கடைந்து, அந்த அகலத்துக்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். 10, 20, 30, 40 என்று ஓவர்சைஸ்கள் படிப்படியாக வரும். எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்த இன்ஜினுக்குக் கிடைத்த கடைசிப் படி 40.

சுவர் ஏன் தேய்கிறது, எங்கே தேய்கிறது என்பதை அறியாமல் பிஸ்டன் வாங்கக் கூடாது. ஒரு நிமிடத்தில் 3000 சுற்றுச் சுற்றும் இன்ஜினில் பிஸ்டன் ஒரு விநாடிக்கு 50 முறை மேலேறி 50 முறை கீழிறங்குகிறது. உச்சியில் அது ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். நிற்கும் அந்தக் கணத்தில் எண்ணெய்ப் படலம் கிழிகிறது. அதே கணத்தில்தான் எரியும் வாயு மேல் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. ஆகையால் சிலிண்டர் உச்சியருகே அதிகமாகவும் அடியில் குறைவாகவும் தேய்ந்து, மெல்லிய புனல்போல ஆகிவிடுகிறது. ரிங் எட்டாத விளிம்பு மட்டும் தேயாமல் ஒரு வரம்பாக நிற்கும். விரல் நகத்தை அதில் வைத்து இழுத்தாலே இன்ஜினின் வயது தெரியும்.

எங்கள் மண்ணுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. செம்மண்ணிலும் களிமண்ணிலும் கலந்திருக்கும் மணல்துகள் படிகக்கல்லின் பொடி, வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. காற்று வடிகட்டியின் எண்ணெய்த் தொட்டியைச் சேறாகும்வரை கவனிக்காமல் விட்டால் அந்தப் பொடி உள்ளே போய் உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். விருத்தாசலத்தில் பொம்மைகளாகவும் மின்சார ஃபியூஸ் கட்டைகளாகவும் மாறி ஊருக்குச் சோறுபோடும் அதே மண்தான் கம்மாபுரத்தில் மாமாவின் இன்ஜினைத் தின்றுகொண்டிருந்தது.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் முதலில் சொன்னது, "ரிங்கு மட்டும் மாத்திடலாம்ணே" என்பது. சிக்கன வழிகளில் எல்லாரும் முதலில் நாடும் வழி இதுவே. ரிங் என்பது ஓரிடத்தில் வெட்டப்பட்ட வளையம்; அந்த வெட்டுவாய் சூட்டில் விரிவதற்கு இடம் தர வேண்டும், வாயு தப்பவும் கூடாது. இந்த அளவுச் சிலிண்டருக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. இருந்தால் சரி. ஆனால் சிலிண்டரின் விட்டம் ஒரு தௌ கூடினால் வெட்டுவாய் மூன்று தௌவுக்கு மேல் திறக்கும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல மூன்று மடங்கும் சொச்சமும் என்று பள்ளியில் படித்த கணக்குத்தான் இது. 8 தௌ தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போட்டால் வாய் 25 தௌ கூடுதலாகப் பிளந்து நிற்கும். போதாததற்கு, புனல் வடிவச் சுவரில் ரிங் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் விரிந்து சுருங்க வேண்டியிருக்கும். விநாடிக்கு 50 முறை மூச்சு வாங்கும் அந்த ரிங் நெடுநாள் உழைக்காது. தேய்மானம் குறைவாக இருந்தால் மட்டுமே ரிங் மாற்றுவது சிக்கனம். இல்லையேல் அது ஒத்திவைத்த கடன்.

இரண்டாவது யோசனை புதுப்பேட்டை. சென்னையில் உடைத்த வண்டிகளின் உறுப்புகள் மலைபோல் குவியும் அந்தத் தெருக்களில் பழைய பிஸ்டன்கள் கிலோக் கணக்கில்கூடக் கிடைக்கும். மூன்றாவது, பழைய பிஸ்டனின் பாவாடைப் பகுதியில் முள்முள்ளாகக் குத்தி அதைச் சற்றே பருமனாக்கிக் காட்டும் பழைய வித்தை. அந்த முட்கள் சில ஆயிரம் கிலோமீட்டரில் மழுங்கிவிடும். விற்பதற்கு முன் வண்டியைச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டியவர்களுக்கு அது உதவும்; அதே வண்டியில் நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போக வேண்டியவருக்கு உதவாது. மாமா இரண்டையும் மறுத்தார்.

நான்காவது யோசனையைச் சொன்னவர் உதிரிபாகக் கடைக்காரர். 40 ஓவர்சைஸ் செட் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், நெடுநாளாகத் தேங்கிய சரக்கு என்பதால் விலை குறைத்துத் தருவதாகவும், நான்கு சிலிண்டரையும் கடைந்துவிட்டால் இன்ஜின் புதிதாகிவிடும் என்றும் சொன்னார். எங்கள் பட்ஜெட்டுக்குள் அது கச்சிதமாக அடங்கியது. மெக்கானிக்கும் தலையசைத்தார். மாமா பணத்தை எண்ணத் தொடங்கியபோது, "எதுக்கும் பிளாக்கை லேத்துப் பட்டறை பாய் ஒருதரம் பார்க்கட்டும்" என்று அத்தை சொன்னார். வளையல் அவருடையது.

விருத்தாசலத்தில் அந்தப் பட்டறை நடத்திவந்த பெரியவர், எங்களிடம் எதுவும் கேட்காமல் அளவுமானியைச் சிலிண்டருக்குள் இறக்கினார். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என மூன்று உயரங்கள். ஒவ்வோர் உயரத்திலும் குறுக்கிலும் நெடுக்கிலுமாக இரண்டு அளவுகள். பழைய உறை ஒன்றின் முதுகில் இருபத்து நான்கு எண்களை எழுதினார். பிளாக் ஏற்கெனவே 30-க்குக் கடையப்பட்டிருந்தது. ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்களில் தேய்மானம் 2 முதல் 3 தௌ மட்டுமே. மூன்றாவதில்தான் விவகாரம். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் கட்ஜன் பின் ஒரு பக்கமாக நகர்ந்து, சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. ஆயில் குடித்ததும் புகை கக்கியதும் அந்த ஒரு வாய்க்கால் வழியாகத்தான்.

"கோடு எவ்வளவு ஆழம்னு பார்த்தீங்களா? பதினைஞ்சு தௌவுக்கு மேல இருக்கு. முப்பதுலேர்ந்து நாப்பதுக்குப் போனா ஒரு பக்கத்துச் சுவர்ல எவ்வளவு போகும்? அஞ்சு. அப்புறமும் கோடு அப்படியேதான் நிக்கும்."

ஓவர்சைஸ் என்பது விட்டத்தின் கணக்கு. கீறல் என்பது சுவரின் கணக்கு. விட்டத்தில் 10 கூட்டினால் ஒவ்வொரு பக்கமும் 5 மட்டுமே குறையும். கடைக்காரரின் மலிவான செட்டை வாங்கியிருந்தால் நல்ல நிலையில் இருந்த மூன்று சிலிண்டர்களின் கடைசிப் படியையும் வெட்டி எறிந்திருப்போம். கெட்டுப்போன ஒன்று கெட்டபடியே இருந்திருக்கும்.

பெரியவர் சொன்ன வழி வேறு. மூன்றாவது சிலிண்டரை மட்டும் நன்றாக அகலப்படுத்தி, அதில் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுக்கமாக இறக்க வேண்டும். லைனர் இறக்குவது என்று இதற்குப் பெயர். அந்த லைனரின் உட்புறத்தை மற்ற மூன்றுக்கும் சமமாக 30-க்கே கடைய வேண்டும். நல்ல சிலிண்டர்கள் மூன்றையும் லேசாக ஹோனிங் செய்து, பழைய பிஸ்டன்களையே புது ரிங்குகளோடு திருப்பிப் போட வேண்டும். புதிதாக வாங்க வேண்டியது 30 ஓவர்சைஸில் ஒரே ஒரு பிஸ்டன்.

"முதல்ல பிஸ்டனை எடுத்துட்டு வாங்க. பிஸ்டனைப் பார்க்காம நான் கடைய மாட்டேன்."

இந்த வரிசையைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பிச் சிலிண்டரைக் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவார்கள். ஆனால் ஒரே எண் அச்சடித்த இரண்டு பிஸ்டன்களுக்குள் நுண்ணிய வேறுபாடு இருக்கும். பிஸ்டனே வட்டமும் அல்ல, நேர் உருளையும் அல்ல. பின் செல்லும் திசையில் சற்று ஒடுங்கி, அதன் குறுக்கே சற்று அகன்று, நீள்வட்டமாகக் கடையப்பட்டிருக்கும். தலை சிறுத்தும் பாவாடை பருத்தும் இருக்கும். ஓடும்போது தலை அடியைவிட வெகுவாகச் சூடேறும் என்பதால், சூட்டில் நேராக வேண்டும் என்றே குளிரில் கோணலாகச் செய்கிறார்கள். அளக்க வேண்டியது பாவாடையின் அடியில், பின்னுக்குக் குறுக்காக. அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டினால் கிடைப்பதே கடைய வேண்டிய விட்டம்.

அன்று பட்டறைத் திண்ணையில் பீங்கான் தொழிலில் பல காலம் சூளை பார்த்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "எங்க வேலையும் இதேதான் தம்பி. சூளைக்குள்ள போற அளவு வேற, வெளியில வர்ற அளவு வேற" என்றார். களிமண் காய்ந்தும் வெந்தும் சுருங்குவதால் அச்சை எப்போதும் பெரிதாகவே செய்ய வேண்டும். மேல்பூச்சும் உடலும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்க வேண்டும். பூச்சு அதிகம் சுருங்கினால் மயிரிழை விரிசல்கள் ஓடும், குறைவாகச் சுருங்கினால் பூச்சு செதிலாகப் பெயரும். களிமண் ஒருமுறை சுருங்கினால் சுருங்கியதுதான், உலோகமோ ஒவ்வொரு நாளும் விரிந்து திரும்புகிறது என்ற ஒரு வேறுபாடு தவிர, இரண்டு தொழிலுக்கும் கேள்வி ஒன்றே: கையில் இருக்கும்போது என்ன அளவு என்பதல்ல, நெருப்பில் இருக்கும்போது என்ன அளவு.

பிஸ்டன் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியக் கலவை இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 73 மி.மீ. அகலமுள்ள பிஸ்டன் 100 டிகிரி கூடினால் 0.15 மி.மீ. வளர்கிறது, அதே சூட்டில் சிலிண்டர் அதில் பாதியளவே வளர்கிறது. வித்தியாசம் ஒரு தலைமயிரின் தடிப்பு. இறுக்கமாகக் கடைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். தளர்வாகக் கடைந்தால் குளிரில் தட்டும். இத்தனைத் தொல்லை உள்ள உலோகத்தை ஏன் ஏற்றார்கள் என்றால், எடைக்காகத்தான். தொடக்கத்தில் பிஸ்டன்களும் வார்ப்பிரும்பில்தான் இருந்தன. 1913-இல் ஃபிரான்சில் ஒரு கார்த் தொழிற்சாலைக்குச் சென்ற டபிள்யூ. ஓ. பென்ட்லி, மேசையில் காகிதத்தின்மேல் வைக்கும் கனமாக இருந்த ஒரு சின்ன அலுமினிய பிஸ்டனைக் கண்டு, இதை ஏன் உள்ளேயே போடக் கூடாது என்று யோசித்தார் என்பது மோட்டார் வரலாற்றில் பலரும் சொல்லும் செய்தி. அலுமினியத்தோடு சிலிக்கான் சேர்த்து அதன் விரிவை ஓரளவு அடக்கக் கற்றுக்கொண்டது பிற்பாடு.

சென்னையில் இந்தத் தொழில் வேரூன்றியதும் ஒரு கதை. 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் நிறுவனம் காலப்போக்கில் எஸ். அனந்தராமகிருஷ்ணன் கைக்கு வந்தது. அவருடைய குழுமம் 1949-இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸைத் தொடங்கியது. பிறகு வடக்கே காசியாபாத்திலும் பாட்டியாலாவிலும் பிஸ்டன் ஆலைகள் வளர்ந்தன. கம்மாபுரத்துக் கார்க்காரர் ஒருவர் தன் பழைய வண்டிக்கு உள்நாட்டிலேயே தரமான பிஸ்டன் வாங்க முடிந்ததென்றால் அதற்குப் பின்னால் இந்த அரை நூற்றாண்டு இருந்தது.

ஆனால் எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடைகளில் நான்காகத்தான் கொடுப்பார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மாமா ஒரு முழு நாள் கடை கடையாக ஏறி இறங்கினார். மாலையில் ஒரு சிறு கடையின் பரணில், செட் உடைந்து மிச்சமாகக் கிடந்த 30 ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைத்தது. பெட்டி அழுக்கு; உள்ளே இருந்தது தொடப்படாத புதிது. மாமா பெட்டியைப் பார்க்கவில்லை, ரிங் பள்ளங்களின் விளிம்பைப் பார்த்தார். போலிச் சரக்கில் அந்த விளிம்பில் பிசிறு நிற்கும், உட்புற வார்ப்பு சொரசொரப்பாக இருக்கும் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது: எடை. மூன்று பழைய பிஸ்டன்களும் ஓரிரு கிராம் வித்தியாசத்தில் ஒத்திருந்தன. புதியது 11 கிராம் அதிகம். பதினொரு கிராம்தானே என்று தோன்றும். 3000 சுற்றில், உச்சியில் திரும்பும் கணத்தில், ஒவ்வொரு 10 கிராமும் சுமார் ஐந்து கிலோ பளுவாகி கிராங்கை இழுக்கும். அதுவும் ஒரு விநாடிக்கு 50 முறை. பெரியவர் பிஸ்டனை எங்களிடம் கொடுத்து நகைக்கடைத் தராசில் நிறுத்து வரச் சொன்னார். வளையலை நிறுத்த அதே தராசில் பிஸ்டனையும் நிறுத்தோம். பிறகு அவர் அரம் எடுத்து, வலுவுக்குத் தேவைப்படாத உட்புற அடி விளிம்பில் மட்டும் சிறிது சிறிதாக ராவினார். அரைநாள் வேலை. தரையில் விழுந்த அலுமினியத் தூள் ஒரு கரண்டிகூட இருக்காது.

எல்லாம் முடிந்தபோது ஒன்பதாயிரத்தில் எழுநூறு சொச்சம் மீந்தது. குறையும் மிஞ்சியது என்பதைச் சொல்ல வேண்டும். பழைய பிஸ்டன்கள் சற்றே தளர்வானவை என்பதால் குளிர்காலைகளில் முதல் ஐந்து நிமிடம் இன்ஜின் டக் டக்கென்று தட்டும். சூடேறியதும் அடங்கிவிடும். மெக்கானிக்குக் கடைசிவரை அதில் திருப்தியில்லை. புதுசும் பழசும் கலந்தால் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான்கும் புதிதாக இருந்தால் நல்லதுதான் என்பதில் மாமாவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிஸ்டன் மறுபடி வாங்கக்கூடியது. பிளாக்கின் சுவர் அப்படியல்ல. ஒவ்வோர் ஓவர்சைஸும் அதிலிருந்து எடுத்துச் செலவழித்த ஒரு பங்கு. திரும்ப வைக்க முடியாதது. மலிவு எது என்று கேட்கும்போது நாம் பெரும்பாலும் பையிலிருந்து எவ்வளவு போகிறது என்று மட்டுமே பார்க்கிறோம். இரும்பிலிருந்து எவ்வளவு போகிறது என்பது ரசீதில் வருவதில்லை.

அத்தையின் வளையல்கள் பதினான்கு மாதத்தில் மீண்டன. வண்டி மேலும் எட்டு ஆண்டுகள் ஓடியது. 2011-இல் மாமாவுக்குக் கண்பார்வை மங்கியதும் விற்றுவிடத் தீர்மானித்தார். பண்ருட்டியில் இருந்து வாங்க வந்தவர் தன் மெக்கானிக்கையும் அழைத்து வந்திருந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, கதவுகளைத் திறந்து மூடி, இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டுக் கேட்டார்.

"எத்தனை ஓவர்சைஸ்ங்கய்யா?"

"முப்பது. மூணாவது மட்டும் லைனர்."

அவர் தன் முதலாளி பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "நாப்பது இன்னும் பாக்கி இருக்கு" என்றார். மாமாவுக்குக் கண்தான் மங்கியிருந்தது, காது அல்ல. பேசி முடித்திருந்த விலைக்கு மேல் இரண்டாயிரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.